ஒரே தட்டு

இடது பக்கத் தட்டில் செவலை, வலது பக்கத் தட்டில் காரி. கேட்கிறவர்கள் மாட்டுச் சந்தை என்று நினைப்பார்கள். இரண்டும் துப்பாக்கிகள். குறி பார்த்துச் சுடும் பந்தயத்துக்கென்றே தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரத் தொழிலாளி கையால் அரம் போட்டு ராவிப் பொருத்தியவை. ஒன்றின் தோளில் வைக்கும் மரக்கட்டை சிவப்பு, இன்னொன்றின் கட்டை எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போனது, அதனால் அந்தப் பெயர்கள், வைத்தவன் நான்தான். ஒரு நேரத்துக்கு ஒரு தோட்டா. அடியில் இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் உள்ளே ஓர் இரும்புக் கதவு தாழும், தோட்டாவை விரலால் செருகி லீவரை மேலே இழுத்தால் கதவு ஏறி அடைத்துக்கொள்ளும், அப்புறம் ட்ரிகரை அமுக்கினால் வெடிக்கும். அமுக்கினால்தான் வெடிக்க வேண்டும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், விஜயதசமியன்று காலையில், தமயந்தி செவலையின் லீவரை மேலே இழுத்த அந்த நொடியில் அது வெடித்தது. விரல் ட்ரிகரில் இல்லவே இல்லை என்றாள். நின்றபடி சுடும் பயிற்சி அது, கட்டையை இடுப்பில் ஊன்றி முனையைத் தரைப்பக்கம் சாய்த்துத்தான் தோட்டா போடுவாள், எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். குண்டு எதிரே இருந்த சிமெண்ட் கட்டில் பட்டுச் சிதறி, பக்கத்தில் டெலஸ்கோப்பில் வலது கண்ணை வைத்துக் குறி அட்டையின் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்த, ஸ்கோர் எழுதும் காஜா பாயின் இடது கண்ணில் ஒரு ஈயத்துணுக்காகப் போய் இறங்கிவிட்டது. அந்தக் கண் போய்விட்டது. இப்போது இந்தத் துப்பாக்கிக் கிளப்பின் ஆயுத மெக்கானிக்கான நான், எல்லாரும் மேஸ்திரி என்று கூப்பிடும் நாச்சிமுத்து, இரண்டு துப்பாக்கிகளின் உள்பாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதித்தர வேண்டும், கோளாறு செவலையிலா, தமயந்தியின் விரலிலா என்று. போலீசில் சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் தேறி ஆர்டருக்குக் காத்திருக்கிற பெண். துப்பாக்கிக் கோளாறு என்று எழுதினால் விபத்து. விரல் என்று எழுதினால் காஜா பாயின் மச்சான் கொடுத்த புகார் வழக்காகிவிடும், வழக்கு என்று ஒன்று வந்தால் அந்த ஆர்டர் வராது. மணி பத்தரை. பன்னிரண்டரைக்கு செக்ரட்டரி வருகிறார்.

இரண்டையும் கழற்றியாகிவிட்டது. கழற்றும்போது செவலையின் திருகுக் காடிக்குள் காய்ந்த சந்தனம் இருந்தது, திருப்புளி வழுக்கியது, குண்டூசியால் சுரண்டி எடுத்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. கதவுக்கட்டை, அதற்குள் ஊசி, ஊசியைத் தள்ளும் சுருள், காலிக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி, ட்ரிகர், அப்புறம் அந்த ட்ரிகரின் மூக்கு போய் உட்காரும் காடி வெட்டிய உருண்டைத் துண்டு. அந்தத் துண்டுக்கு இங்கிலீஷ் புத்தகத்தில் டம்ளர் என்று பேர் போட்டிருக்கிறான், அதைப் படித்துவிட்டுக் காஜா பாய் ஒரு வாரம் காபி எந்த டம்ளரில் மேஸ்திரி என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார். எல்லாம் அந்த மூக்கிலும் காடியிலும்தான் இருக்கிறது. மூக்கு காடிக்குள் அரை மில்லி ஆழம் உட்கார்ந்திருந்தால் துப்பாக்கி அடங்கி இருக்கும். கால் மில்லி என்றால் பயம். முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் லீவர் மூடும் அதிர்ச்சியிலேயே நழுவி அடித்துவிடும். லென்ஸ் மேஜைமேல் இருக்கிறது, வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கறுப்பு லென்ஸ். இன்னும் எடுக்கவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு. அதில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். வரி வரியாக, ஒரே பக்கம் சாய்ந்த மெல்லிய கோடுகள் தெரியும், எண்ணெய்க்கல்லில் தேய்த்த கோடுகள், என் கை தேய்த்தது. மூன்று வருஷம் இருக்கும். தமயந்தி அப்போது காலேஜ் கடைசி வருஷம், மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது, பின்னால் வந்து நின்றுகொண்டு ட்ரிகர் கல்லு மாதிரி இருக்குதுங்க மேஸ்திரிண்ணா, கொஞ்சம் எளக்கமா பண்ணிக் குடுங்க என்றாள். நான் முடியாது என்றேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் கேட்காமல் வெறுமனே வந்து நின்றாள். தேய்த்துக் கொடுத்தேன். இந்த மாதிரிச் சாமானில் மேல்தோல்தான் கடினம், ஒரு காகித கனம், உள்ளே இருப்பது பச்சை இரும்பு, தோலைத் தாண்டிவிட்டால் முதல் ஆயிரம் வெடி வெண்ணெயாக இருக்கும், அப்புறம் மூக்கு மழுங்க ஆரம்பிக்கும். தாண்டினேனா இல்லையா. அன்றைக்கே கல்லில் ஒரு இழுப்பு அதிகம் போனது மாதிரி இருந்தது. இருந்ததா, இல்லை இப்போது இருந்தது மாதிரி இருக்கிறதா. அவள் மாநிலத்தில் இரண்டாவதாக வந்தாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை, லட்டு வாங்கிக்கொண்டு வந்தாள், அந்த ஒரு இழுப்பைப் பற்றி நினைக்கவில்லை. பன்னிரண்டு நாளாக அதை மட்டும்தான் நினைக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் கல்லில் இரும்பு போகிற சத்தம் பல்லுக்குள் கேட்கிறது.

ஃபேன் சுற்றுகிறது, காகிதம் பறக்காமல் இருக்க மேலே சுத்தியலை வைத்திருக்கிறேன், காகிதத்தில் இன்னும் தேதி மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை காஜா பாய் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை பாதி முகம் பஞ்சுக்குள் இருக்க, இன்னொரு கண்ணு இருக்குதில்ல மேஸ்திரி, ஸ்கோர் எழுத ஒண்ணு போதும் என்றார். பதினெட்டு வருஷம் ஒரே மேஜையில் சோறு தின்றிருக்கிறோம், அவருக்கு என் வீட்டு அரிசிம்பருப்பு சாதம் உயிர், எனக்கு அவர் வீட்டு எலும்புக் குழம்பு. தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அந்தப் புள்ள விரல் வெளியதான் இருந்துச்சு, நான் பாத்தேன், செக்ரட்டரிகிட்டயும் சொல்லிட்டேன் என்றார். எப்படிப் பார்த்திருப்பார், அவர் கண் டெலஸ்கோப்பில் இருந்ததே, அவரே முதல் நாள் மச்சானிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாரே. நல்ல மனிதன் பொய் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும், பழக்கமில்லாத வேலை. செக்ரட்டரி சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாராம், எழுதிக்கொள்ளவில்லையாம். மூன்றாம் தடவை போனபோது தமயந்தி அங்கே இருந்தாள். வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், உள்ளே போகவில்லை, ஒன்பது நாளாக வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகிறாளாம். லிஃப்டில் ஒன்றாக இறங்கினோம். பொத்தானை அவள் விரலால் அமுக்கவில்லை, ஆள்காட்டி விரலை உள்ளே மடக்கி நடுவிரல் முட்டியால் அமுக்கினாள். கீழே டீக்கடையில் டம்ளரையும் அப்படியேதான் பிடித்தாள், அந்த ஒரு விரல் மட்டும் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. விரலில் என்னம்மா அடியா என்று கேட்டேன். பார்த்தாள், அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போலிருந்தது, ஒண்ணுமில்லீங்க என்று விரலை நீட்டினாள், டீ குடித்து முடிப்பதற்குள் அது மறுபடியும் மடங்கிவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெண் தன் விரலைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அது அவள் விரல் இல்லை, என் கல் என்று சொல்லிவிட்டால் அந்த விரல் நிமிர்ந்துவிடும். சொல்வேன். கோடுகளைக் காட்டிச் சொல்வேன். லென்ஸை எடு, நாச்சிமுத்து.

எடுத்தேன். செவலையின் ட்ரிகரைச் சிமிட்டா இடுக்கியில் பிடித்து ஜன்னல் பக்கம் திரும்பினேன். கோடுகள் இல்லை. திருப்பிப் பிடித்துப் பார்த்தேன், லென்ஸைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தேன், மூக்கு சுத்தமாக இருந்தது, தொண்ணூறு வருஷத்து வழவழப்பு, கல் பட்ட அடையாளம் இம்மியும் இல்லை. என் கல் இதைத் தொடவே இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று முதலில் தோன்றியது, ஏன் மறைக்க வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது, எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தேன், வெளியே காக்கா கத்தினதுகூட நன்றாக இருந்தது. நான் இல்லை, நான் இல்லை. அப்படியானால் விரல்தானே. அந்த நினைப்பு வந்த பிறகும் ஒரு நிமிஷம் சந்தோஷம் போகவில்லை, அவள் தலையில் விழுகிறதே என்ற எண்ணமும் என் தலையில் விழவில்லையே என்ற எண்ணமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. பிறகுதான் தண்ணீர் உள்ளே இறங்க இறங்க வேறொன்று மேலே வந்தது. தேய்த்தது நிஜம். கல் இந்த மேஜை டிராயரில் இருக்கிறது, லட்டு தின்றது நிஜம். அப்படியானால் தேய்த்த ட்ரிகர் எங்கே. வந்து உட்கார்ந்தேன். வலது பக்கத் தட்டிலிருந்து காரியின் ட்ரிகரை எடுத்தேன். எடுக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது. கோடுகள் இருந்தன, ஒரே பக்கம் சாய்ந்து, ஒழுங்காக, என் கையெழுத்து மாதிரி. தோலைத் தாண்டவும் இல்லை. நல்ல வேலை. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அது காரிக்குள் இருந்தது. காரியின் ட்ரிகர் செவலைக்குள் இருந்திருக்கிறது. உள்பாகங்களில் எண் கிடையாது, இரண்டும் பார்க்க ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் ஒவ்வொரு மூக்கும் அதனதன் காடிக்கென்று ராவியது, ஒன்றின் மூக்கை மற்றதன் காடியில் உட்கார வைத்தால் உட்காரும், சரியாக உட்கார்ந்தது போலவே கிளிக் என்றும் சொல்லும், பத்துத் தடவை தாங்கும். அவள் அன்றைக்குச் சுட்டது பதினொன்றாவது. செவலையிலிருந்து எடுத்த மூக்கை மறுபடி லென்ஸில் பார்த்தேன். முனையில், ஓரத்தில், மயிரிழையாக ஒரு பளபளப்பான சிராய்ப்பு. அந்நியக் காடியின் விளிம்பு கடித்த இடம். அவ்வளவுதான் சாட்சி, கொசுவின் கால் அளவு.

ஒரே தட்டு. விஜயதசமிக்கு முதல் நாள், ஆயுத பூஜை. மேலே சுவரில் என் கையாலேயே பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு நேரத்தில் ஒரு துப்பாக்கி, ஒரு துப்பாக்கிக்கு ஒரு தட்டு. வருஷத்துக்கு ஒரு நாள்தான் அத்தனை ஆயுதமும் ஒரே சமயத்தில் பிரிந்து கிடக்கும், பூஜைக்கு எல்லாமே பளிச்சென்று வரிசையில் இருக்க வேண்டும், சாயங்காலம் ஐயர் வந்துவிடுவார். செக்ரட்டரி எட்டிப் பார்த்து, பொரிகடலை வைக்க ஒரு தட்டு இருந்தா குடுங்க மேஸ்திரி என்றார். இரண்டாவது தட்டைத் துடைத்து நானே கொடுத்தேன். நானே. வாழைப்பழத்துக்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வேறு சொன்னேன். செவலையும் காரியும் பிரிந்து ஒரே தட்டு மண்ணெண்ணெயில் கிடந்தன, பார்த்துக்கொண்டிருந்த காஜா பாய், கலந்துடாதா மேஸ்திரி என்று கேட்டார், அந்த மனிதர்தான் கேட்டார், நான் சிரித்துக்கொண்டு, பெத்தவளுக்குத் தெரியாதா பாய், எது எம் புள்ளைன்னு, என்றேன். அந்தக் கேள்வி இப்போது எங்கே இருக்கிறது. பஞ்சுக்குள் இருக்கிறது. தட்டில் பொரி போட்டு, பொட்டுக்கடலை போட்டு, நாட்டுச் சர்க்கரை தூவி, எல்லாருக்கும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள், தமயந்தி இரண்டு பொட்டலம் வாங்கினாள், அவள் அப்பாவுக்கு ஒன்று, மில்லில் வேலை, ராத்திரி ஷிப்டு. செவலைக்குச் சந்தனம் வைத்தது அவள்தான். குங்குமம் வைத்தபோது அந்த ஆள்காட்டி விரலால்தான் வைத்தாள். இதெல்லாம் எதற்கு இப்போது. எழுது. தேதிக்குக் கீழே எழுது, ட்ரிகர் இரண்டும் இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன, பூட்டியவன் நான். இரண்டு வரி. பேனாவை எடுத்தேன், வைத்தேன். எழுதினால் என்ன ஆகும். முப்பத்தோரு வருஷப் பேர் போகும். நாச்சிமுத்து கை பட்டால் துப்பாக்கி பேசும் என்று கரூர், ஈரோட்டிலிருந்தெல்லாம் கொண்டுவந்து கொடுப்பார்கள், வழக்கு என் பேரில் வரும், வரட்டும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம், ஐம்பத்தேழு வயதில் போகிறவர்கள் இல்லையா. அதில்லை. காஜா பாயிடம் போய் நின்று சொல்ல வேண்டும். அவர் திட்ட மாட்டார். அதுதான் முடியாதது. இன்னொரு கண் இருக்குதில்ல என்பார். அப்புறம் என்றைக்காவது அந்தச் சோற்று மேஜையில் உட்கார முடியுமா, உட்கார்ந்தால் அவர் எந்தப் பக்கம் உட்காருவார், எனக்கு இடது பக்கம்தான் எப்போதும், இனிமேல் அவர் கறிக் கிண்ணத்துக்குக் கை நீட்டினால் தலையை முழுக்கத் திருப்ப வேண்டும். சொல்லாமல் விட்டால். சொல்லாமல் விட்டால் ஒரு பெண் முட்டியால் லிஃப்ட் பொத்தான் அமுக்குவாள், ஆயுசு பூராவும். எழுதத்தான் வேண்டும். எழுதிவிடுகிறேன். முதலில் யோசி. செக்ரட்டரி கேட்பார், காட்டுங்கள் என்பார், மாறிப் பூட்டின நிலையிலேயே செவலையைக் காட்ட வேண்டும், லீவரை ஒரு இருபது தடவை மூடித் திறந்தால் ஒரு தடவையாவது ஊசி அடிக்கும், அப்போது அவர் காதாலேயே கேட்பார். ஆமாம். அதுதான் வழி. தப்பாகப் பூட்டினால் உண்மை, சரியாகப் பூட்டினால் பொய். விசித்திரமாக இருக்கிறது. இதுவரைக்கும் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அப்பா இருந்தால் என்ன சொல்வார், அவருக்கு லேத்துப் பட்டறையில் ஒரு விரல் போயிற்று, வலது கை ஆள்காட்டி விரல்தான், அந்த விரல் மழைக் காலத்தில் வலிக்கிறது என்பார், இல்லாத விரல் எப்படி வலிக்கும் என்று அம்மா கேலி செய்வாள். இல்லாத விரல் ட்ரிகரை அமுக்குமா. அமுக்கியது என்று பத்துப் பேர் பன்னிரண்டு நாள் சொன்னால் அமுக்கும். நூல்மில் சங்கு ஊதுகிறது. பன்னிரண்டு மணி. கொஞ்சம் கண்ணை மூடினேனா. இல்லை, திறந்துதான் இருந்தது, சுவரில் என் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு நேரத்தில் ஒரு துப்பாக்கி, அதில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் பல்லி முட்டை ஒட்டியிருந்தது, எத்தனை நாளாக இருக்கிறதோ, அதையே பார்த்துக்கொண்டு காஜா பாயிடம் எப்படி ஆரம்பிப்பது என்று, பாய் ஒரு விஷயம் என்றா, பாய் என்னை மன்னிக்க வேணும் என்றா, அவர் எந்தப் பக்கக் காதுப்பக்கம் நிற்பது என்று யோசித்து யோசித்து, அதற்குள் வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சீக்கிரமே வந்துவிட்டார்.

தட்டைப் பார்த்தேன். இரண்டு தட்டும் காலியாக இருந்தன. செவலை பூட்டி முடித்து என் முன்னால் கிடந்தது, காரி பூட்டி முடித்து ஸ்டாண்டில் நின்றது. என் கையில் எண்ணெய்த் துணி. செவலையின் லீவரை இறக்கி ஏற்றினேன், கிளிக். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், மூக்கு தன் வீட்டுக்குள் போய் உட்காரும் சத்தம். சரியான ட்ரிகர் சரியான துப்பாக்கிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முப்பத்தோரு வருஷக் கை, எதை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்காமலே வைத்துவிட்டது. டிராயர் பாதி திறந்திருந்தது. கல் வெளியே இருந்தது, அதன் மேல் எண்ணெய் ஈரம். பூட்டுவதற்கு முன்னால் முனையில் சிராய்ப்பு எது இருந்தாலும் கல்லில் ஒரு இழுப்பு இழுத்து வழித்துவிட்டுத்தான் பூட்டுவேன், எப்போதும் அப்படித்தான். அந்தக் கொசுக்கால் சிராய்ப்பையும் வழித்திருக்கிறேன். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். மறுபடி கழற்றி மாற்ற இருபது நிமிஷம் வேண்டும், காலடி வராந்தாவில் கேட்கிறது, இரண்டு பேர். கை செய்ததா, நான் செய்தேனா. கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன், மண்ணெண்ணெய் நாற்றம், வழக்கமான கை. உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் அப்பாடா என்று ஒரு சத்தம் கேட்டது. அது கையின் சத்தம் இல்லை.

செக்ரட்டரி பாலதண்டாயுதம் வக்கீல், வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. பின்னால் தமயந்தி, துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு. அவளையும் கையெழுத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். செவலையை எடுத்தார், உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டார், லீவரை வேகமாக மூடினார். கிளிக். மறுபடி. கட்டையைத் தரையில் குத்திப் பார்த்தார், மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார், முப்பது தடவை இருக்கும், செவலை அசையவில்லை. தங்கம் போல இருந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் தமயந்தியின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. ஒன்றாவது தவறிப் போகட்டும் என்று நான் பத்ரகாளியை வேண்டினேன், நான் பூட்டினது தவற வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டினேன். தவறவில்லை. அப்போது சொன்னேன். தட்டு, பொரி, மாறிப்போன ட்ரிகர், இப்போது என்னை அறியாமல் சரியாகப் பூட்டிவிட்டது, வழித்துவிட்ட சிராய்ப்பு, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லி, இருபது நிமிஷம் குடுங்க, மறுபடி மாத்திப் பூட்டிக் காட்டறேன், உங்க முன்னாலயே அடிக்கும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்ப மாத்திப் போட்டா அடிக்கும், நான் நம்பறனுங்க. அன்னிக்கு மாறியிருந்துச்சுன்னு யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"நீங்க மட்டும்."

அப்புறம் அவரே பேசினார், கோர்ட்டில் பேசுகிற குரலில் இல்லை, வீட்டில் பேசுகிற குரலில். நான் இதை எழுதிக்கொடுத்தால் இன்ஸ்பெக்டர் கேட்கும் முதல் கேள்வி, தப்புப் பண்ணினவன் கையிலேயா ஒப்பிடக் கொடுத்தீர்கள் என்பது. என் ரிப்போர்ட் செல்லாமல் போகும். துப்பாக்கி சென்னைக்குப் பரிசோதனைக்குப் போகும், அங்கேயும் இதே கிளிக்தான் கேட்கும், சரியாக இருக்கிறது என்று எழுதுவார்கள். காஜா பாயும் இப்படித்தான் ஏதோ பார்த்தேன் என்றார், பாவம், நல்ல மனசு. நீங்களும் அந்தப் பிள்ளைமேல் வைத்திருக்கும் பாசம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தோளைத் தட்டினார். நான் தமயந்தியைப் பார்த்தேன். இவர் நம்பாவிட்டால் போகட்டும், அவள் நம்பினால் போதும், அது ஒன்றுக்காகத்தானே.

"அம்மிணி, உன்ற விரல் இல்ல. சத்தியமா என்ற கைதான்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். காஜா பாய் அவளுக்காகச் சொன்ன பொய்யைக் கேட்டபோதும் இப்படித்தான் சிரித்திருப்பாள். "எனக்கே இப்ப ஞாபகம் வருதுங்க மேஸ்திரிண்ணா. விரல் உள்ளதான் இருந்துச்சு. கடைசி நேரத்துல பட்டுருச்சு. நீங்க எனக்காவ இதெல்லாம் சொல்லாதீங்க."

இல்லை என்றேன். மறுபடியும் இல்லை என்றேன். அவள் சரிங்க, சரிங்க என்றாள், காய்ச்சல்காரனிடம் பேசுவது போல. நான் அழுதிருக்கிறேன் போல, செக்ரட்டரி தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார், அது காலியாக இருந்தது. பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். செவலை, காரி என்று எழுதக் கூடாதாம், துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்களைத்தான் எழுத வேண்டுமாம், எழுதினேன். மேற்படி இரண்டு துப்பாக்கிகளின் உள்பாகங்களையும் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்ததில், எல்லாப் பாகங்களும் அதனதன் இடத்தில், நல்ல நிலையில் உள்ளன. எழுதின அந்த நேரத்துக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அடியில் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன், பார்த்துக்கொண்டதாக அவளும் போட வேண்டும் என்று செக்ரட்டரி காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். தமயந்தி பேனாவை வாங்கினாள். ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பேனாவை இடுக்கிக்கொண்டு, மெதுவாக எழுதினாள். கையெழுத்து கோணலாக வந்தது. இது போதுமாங்க என்று கேட்டாள்.